"மத்தது" என்றால் என்ன? பன்றிக்கறியும் எங்கள் அடுப்புப் புகையும்

ஏப்ரல் 14-க்குப் பத்து நாள் முன்பு கனகசெட்டிக்குளத்தில், காலனி மாலைப் பள்ளித் திண்ணையில் ஒரு கூட்டம் போட்டோம். பேனர், ஒலிபெருக்கி, பேச்சாளர் எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மீதி இரண்டு மணி நேரமும் ஒரே விஷயத்துக்குப் போனது. அண்ணல் பிறந்தநாள் விருந்தில் என்ன கறி போடுவது?

கல்லூரியில் படிக்கும் தம்பிகள் கோழி பிரியாணி என்றார்கள். "ஊர்ல இருந்தும் ஆளுங்களக் கூப்பிடுறோம். எல்லாரும் சாப்பிடுற மாதிரி இருக்கட்டும்" என்பது அவர்கள் வாதம். நாங்களும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தோம். அப்போது ஓரமாக வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஆயா ஒருவர் கேட்டார்: "பன்னிக்கறி போட்டா எவன் வரமாட்டானோ, அவன் கோழி போட்டா மட்டும் நம்ம தெருவுக்கு வந்து குந்தி சாப்பிடுவானா?"

திண்ணையில் யாருக்கும் பதில் இல்லை. சமூகவியலில் முதுகலை முடித்து, சமூகப் பணியில் பத்து வருடத்துக்கு மேல் போட்ட எங்களிடமும் இல்லை. அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்களில் ஒருவர் சில வருடங்களுக்கு முன் புதுச்சேரி நகரத்தில் வாடகைக்கு வீடு தேடினார். வீட்டுக்காரர் நல்ல மனிதர், முற்போக்காகப் பேசுகிறவர். "அசைவம் சமைக்கலாமா சார்?" என்று கேட்டதற்கு, "தாராளமா. சிக்கன், மட்டன், மீன் ஒண்ணும் பிரச்சனை இல்ல. மத்தது மட்டும் வேணாம்" என்றார்.

"மத்தது" என்ற இந்தச் சொல்லைக் கவனியுங்கள் தோழர்களே. அதற்குள் மாடு இருக்கிறது, பன்றி இருக்கிறது, கருவாடும் சில வீடுகளில் இருக்கிறது. அதற்கெல்லாம் மேலாக நாம் இருக்கிறோம். சாதியை நேராகக் கேட்பது நாகரிகம் இல்லை என்று அவருக்குத் தெரியும். சட்டமும் தெரிந்திருக்கும். அதனால் அடுப்பில் என்ன வேகும் என்று கேட்டுக்கொண்டார். பதிலைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி.

டெல்லியில் வாழும் வடகிழக்கு மாநில இளைஞர்கள், தோழியின் கல்யாணத்துக்காகத் தங்கள் ஊர் உணவு ஒன்றைச் சமைக்க இடம் தேடி அலைவதை 'ஆக்சோனே' என்ற படம் காட்டியது. புளிக்கவைத்த சோயா அவரையைப் போட்டுப் பன்றிக்கறி சமைக்கிறார்கள். அதன் வாசனைக்குப் பக்கத்து வீடுகள் சண்டைக்கு வருகின்றன. நாகாலாந்தில் பன்றிக்கறித் துண்டுகளை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு நாள்கணக்கில் புகையில் வாட்டுவார்கள். அங்கே அது வீட்டின் செழிப்பு. டெல்லியின் வாடகை வீட்டுக்கு வந்ததும் நாற்றமாகிவிடுகிறது. கறி மாறவில்லை, புகையும் மாறவில்லை. யார் வீட்டுப் புகை என்பது மட்டும்தான் மாறியது.

இதை இன்னும் பக்கத்தில் பார்க்கலாம். கனகசெட்டிக்குளத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் அரை மணி நேரத்தில் புதுச்சேரியின் வெள்ளை நகரம். பிரெஞ்சுக்காரர்கள் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகியும் அங்கே அவர்கள் சாப்பாட்டுக்கு மவுசு குறையவில்லை. புகையிட்ட பன்றித் தொடை, பன்றி விலா எலும்பு எல்லாம் அங்குள்ள உணவகங்களில் பீங்கான் தட்டில் வரும். அதே விலா எலும்பு எங்கள் காலனி மண்சட்டியில் கொதித்தால் "சேரி நாத்தம்". விலைப்பட்டியலில் ஏறினால் நாகரிகம், சட்டியில் ஏறினால் அசிங்கமா?

வடக்கே போனால் மாமல்லபுரம். அங்கே 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் குடைவரையில் வராகம் பூமாதேவியைத் தூக்கி நிற்கிறது. சமஸ்கிருதத்தில் வராகம் என்றால் அவதாரம். தமிழில் பன்றி என்றால் வசவு. "பன்னிப் பயலே" என்று பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்காத பிள்ளை எங்கள் காலனியில் குறைவு.

தமிழ்ப் பண்பாடு சைவம் என்று சொல்கிறவர்களுக்கும் இந்தக் கடற்கரையே பதில் வைத்திருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்ற கடற்கரை ஊர் வருகிறது. மாமல்லபுரம்தான் அது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. அந்த ஊரில் கள் வடிப்பவர்கள் ஆண் பன்றியைப் பெண் பன்றிகளோடு திரியவிடாமல், குழியில் நிறுத்தி, நெல் மாவு ஊட்டிப் பல நாள் கொழுக்கவைக்கிறார்கள். அந்தக் கொழுத்த கறியும் கள்ளும் உங்களுக்குக் கிடைக்கும் என்று ஒரு பாணன் இன்னொரு பாணனுக்குச் சொல்கிறான். கொழுக்கவைக்கும் முறை, தீவனம், விருந்து எல்லாம் பத்துப்பாட்டில் ஏறியிருக்கிறது. அங்கே யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

சமூகவியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இன்னொன்று. எம்.என். சீனிவாஸ் குடகு மக்களைப் பற்றிய தன் நூலை 1952-இல் வெளியிட்டார். 'சமஸ்கிருதமயமாதல்' என்று நீங்கள் தேர்வில் எழுதும் கருத்து அந்த நூல் வழியாகத்தான் பரவியது. கீழே வைக்கப்பட்ட சாதி, இறைச்சியையும் மதுவையும் விட்டு, மேலே உள்ளவர்களின் சடங்குகளைப் பின்பற்றிப் படியேறப் பார்க்கும் என்கிறார். ஆனால் அவர் ஆய்வு செய்த குடகர்களின் கல்யாண விருந்தில் பன்றிக்கறிதான் பெருமை. அவர்களை யாரும் அதற்காகத் தெருவுக்கு வெளியே நிறுத்தவில்லை. அவர்களிடம் நிலம் இருந்தது, துப்பாக்கி இருந்தது. பன்றி தின்பதால் ஒருவர் கீழாவதில்லை. கீழே வைக்கப்பட்டவர் எதைத் தின்றாலும் அது கீழான உணவாகிவிடுகிறது. ஆயா வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னதும் இதைத்தான்.

இந்த இடத்தில் நேர்மையான ஓர் எதிர்க்கேள்வியை மறைக்கக் கூடாது. "அண்ணல் அம்பேத்கரே சிலவற்றைச் சாப்பிடாதீர்கள் என்று சொன்னவர்தானே? பழைய இழிவை ஏன் பெருமையாகச் சுமக்கிறீர்கள்?" என்று கூட்டத்தில் ஒரு தங்கை கேட்டார். நல்ல கேள்வி. 1927 மார்ச் மாதம் மகாடு மாநாட்டில், செத்த மாட்டின் இறைச்சியை விட்டுவிடுங்கள் என்று அண்ணல் அறைகூவினார். செத்த மாட்டை அப்புறப்படுத்துவது ஊர் நம் மேல் சுமத்திய வேலை. அந்த இறைச்சி ஊர் நமக்குக் கொடுத்த கூலி. அந்த அடிமை முறையோடு சேர்த்து அதை வீசச் சொன்னார். 1948-இல் வெளியான 'தீண்டப்படாதார்' நூலில் அவரே மறுபக்கத்தையும் எழுதினார். பௌத்தத்தை விடாத சிதறுண்ட மக்கள் மாட்டிறைச்சியையும் விடவில்லை, பார்ப்பனியம் அதைக் காரணமாக்கி அவர்களைத் தீண்டத்தகாதவர் ஆக்கியது என்பது அவர் ஆய்வு. திணிக்கப்பட்டதை மறுப்பதும் சுயமரியாதை, விரும்பியதை ஒளிக்காமல் உண்பதும் சுயமரியாதை. இரண்டிலும் முடிவு நம் கையில் இருக்க வேண்டும்.

அதனால்தான் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். பன்றி தின்றால்தான் போராளி என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. எங்களோடு இசுலாமியத் தோழர்கள் இருக்கிறார்கள். இறைச்சியைத் தொடாத பௌத்தத் தோழர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனிச் சட்டி வைப்பது மரியாதை. ஒருவர் தன் தட்டில் எது வேண்டாம் என்று சொல்லலாம். அடுத்தவர் தட்டைக் காட்டி "நீ அந்தப் பக்கம் உட்கார்" என்று சொல்லும்போதுதான் தீண்டாமை தொடங்குகிறது.

கல்வி நிறுவனங்களில் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி உணவுக்கூடம் ஒன்றில் சைவர்களுக்குத் தனி வாசல், தனிக் கை கழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் அதை வெளியே கொண்டுவந்தது. அறிவிப்பு பிறகு அகற்றப்பட்டது. 2023-இல் மும்பை ஐஐடி விடுதியில் சைவர்களுக்கென்று மேசைகள் ஒதுக்கப்பட்டன. அதை எதிர்த்து அந்த மேசையில் உட்கார்ந்து அசைவம் சாப்பிட்ட மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம். நம் பக்கத்தில், 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. ஆம்பூரில் போய் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடம் இல்லை என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. இது பாகுபாடு ஆகாதா என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. அரசு விழாவிலேயே "மத்தது" வேண்டாம் என்றால், வீட்டுக்காரரை மட்டும் நொந்து என்ன பயன்?

சட்டம் நம் பக்கம் பேசியிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. என்ன உண்ண வேண்டும், என்ன உடுத்த வேண்டும் என்று அரசு சொல்வதை யாரும் விரும்பமாட்டார்கள் என்று அதில் நீதிபதி செலமேஸ்வர் எழுதினார். விடுதி நிர்வாகத்திடம் பேசப் போகும்போது இது கையில் இருக்கட்டும்.

இதுவரை அடுத்தவர்களைக் குற்றம் சொன்னோம். இனி நம் முதுகு.

கூட்டத்தில் ஒரு பெரியவர், "நாம மாடு திம்போம், அது வேற. பன்னி வளக்கிறவனும் நாமும் ஒண்ணா?" என்றார். சிலர் சிரித்தார்கள். எங்களுக்குச் சுருக்கென்றது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பல ஊர்களில் பன்றி வளர்ப்பவர்கள் குறவர், காட்டுநாயக்கர் குடும்பங்கள். ஊருக்கு வெளியே காலனி என்றால், காலனிக்கும் வெளியே அவர்கள் குடிசை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களிடம் கறி வாங்குகிறோம். அவர்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கிறோமா? ஒவ்வொரு படிக்கும் கீழே இன்னொரு படி வைத்துத்தான் சாதி நிற்கிறது என்று மேடையில் பேசுகிறோம். நமக்குக் கீழே உள்ள படியில் நாமே காலை ஊன்றிக்கொண்டு பேசுகிறோம். 'ஃபன்றி' படத்தில் பன்றி பிடிக்கும் குடும்பத்துப் பையனைப் பார்த்துக் கண் கலங்கினோம். 'மாமன்னன்' படத்தில் நாயகன் பன்றி வளர்ப்பதற்குக் கை தட்டினோம். பக்கத்துக் குடிசையில் பன்றி வளர்க்கும் அண்ணனை விருந்துக்குக் கூப்பிட்டோமா? இதுவரை இல்லை.

அடுத்து, "பன்னிக்கறி தின்னா மூளையில புழு வரும்" என்ற பேச்சு. படித்தவர்களே சொல்கிறார்கள். உண்மை கொஞ்சம் சுற்றுவழியானது. சரியாக வேகாத பன்றிக்கறியைத் தின்றால் குடலில் நாடாப்புழு வரலாம். மூளையில் கட்டி வருவது அந்தப் புழுவின் முட்டை வாய்க்குள் போவதால். நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து தண்ணீர், கீரை, கழுவாத கை வழியாக அந்த முட்டை வருகிறது. வாழ்நாளில் பன்றியைத் தொடாத சைவருக்கும் அது வரலாம். ஆக மருந்து என்ன? நன்றாக வேகவைப்பது, கழிப்பறை, சுத்தமான தண்ணீர், பன்றிக்குக் கொட்டகையும் தீவனமும் கால்நடை மருத்துவரும். சாக்கடையைத் திறந்து விட்டவர்களை விட்டுவிட்டு, சாக்கடையில் மேயும் பன்றியையும் அதை வளர்க்கும் மக்களையும் குறை சொல்வது எந்த ஊர் சுகாதாரம்?

ஊட்டச்சத்தையும் பேசுவோம். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தச்சோகை. இரும்புச்சத்து, பி12, புரதம் உள்ள ஒரு கறியை வெட்கத்தால் ஒதுக்கும் வசதி நம் பெண்களுக்கு இல்லை. அதே ஊரில் மூலத்துக்கு மருந்து என்று நம்பி, இருட்டிய பிறகு தூக்குவாளியோடு பன்றிக்கறி வாங்க வருகிறவர்களையும் பார்த்திருக்கிறோம். மருந்து என்றால் தீட்டு இல்லை போலும்.

சரி, பேசியது போதும். சமைப்போம். விலா எலும்பைப் புகையில் வாட்டிக் குழம்பு வைப்பதை ஆயாவிடம் கேட்டு எழுதிக்கொண்டோம். அளவுகள் எங்களுடையவை.

இரண்டு கிலோ விலா எலும்பு. நீள நீளமாக, மூன்று நான்கு எலும்பு சேர்ந்த பட்டையாக வெட்டித் தரச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 'நாட்டு விலா' என்று விற்கும் துண்டு முதுகுக்கறி தோள்பட்டையைத் தொடும் இடத்திலிருந்து வருவது. அதில் எலும்பைவிடச் சதைதான் அதிகம். அந்த இடமும் கிடைத்தால் விடாதீர்கள். மஞ்சள்தூள் போட்டுக் கழுவி, தண்ணீர் வடித்து, கிலோவுக்கு மூன்று தேக்கரண்டி கல்லுப்பு, ஒரு தேக்கரண்டி மஞ்சள், இரண்டு தேக்கரண்டி இடித்த மிளகு, இடித்த இஞ்சி பூண்டு எல்லாம் சேர்த்து அழுத்தித் தேய்த்து, இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வையுங்கள். நம் கடற்கரை வெக்கையில் வெளியே வைக்கக் கூடாது.

முன்பெல்லாம் உப்புக்கண்டத்தை விறகடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கவிடுவார்கள். தினமும் எரியும் அடுப்பின் புகை அதைக் காயவைத்துக் காப்பாற்றும். இப்போது எரிவாயு அடுப்பு வந்துவிட்டது, நல்லதுதான். அந்தப் புகை எத்தனை அம்மாக்களின் நெஞ்சை அரித்தது என்று எங்களுக்குத் தெரியும். அதனால் புகையைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோங்கள். அடி உடைந்த பெரிய மண்பானை ஒன்றை மூன்று செங்கல் மேல் வையுங்கள். கீழே மண்சட்டியில் சவுக்குக் கரி, அதன் மேல் கொட்டாங்குச்சி, கொஞ்சம் ஈரக் கொய்யாக் குச்சி. வர்ணம் அடித்த பலகை, பிளைவுட் துண்டு எதையும் போடாதீர்கள். பானை வாய்க்குக் குறுக்கே இரும்புக் கம்பி போட்டு விலாப் பட்டைகளைத் தொங்கவிட்டு, ஈரச் சாக்கால் மூடுங்கள். தீ எரியக் கூடாது, புகைய வேண்டும். இரண்டரை மணி நேரம். கொழுப்பு சொட்டுச் சொட்டாக விழும்போது சுவாலை எழும்பும். பக்கத்திலேயே இருந்து சாம்பலைத் தூவி அடக்க வேண்டும். கண் எரியும் இந்த வேலையை ஆண்கள்தான் செய்ய வேண்டும். இது எங்கள் நிபந்தனை.

புகையில் வாடியது கறி வெந்ததாக ஆகாது. உலர்ந்து, செம்பழுப்பு நிறம் வந்த பட்டைகளை எலும்பு எலும்பாக நறுக்குங்கள். சட்டியில் எண்ணெய் வேண்டாம், கொழுப்பே உருகி வரும். அதில் கால் கிலோ சின்ன வெங்காயம், பத்து வரமிளகாய், ஒரு கைப்பிடி பூண்டு, கறிவேப்பிலை வதக்கி, வறுத்து அரைத்த மல்லி, சீரகம், மிளகு சேர்த்து, கறியைப் போட்டு மூழ்கத் தண்ணீர் ஊற்றி, மூடிபோட்டு மெல்லிய தீயில் ஒன்றரை மணி நேரம். உப்பு ஏற்கெனவே ஏறியிருக்கும், கடைசியில் பார்த்துப் போடுங்கள். எலும்பைப் பிடித்துத் திருகினால் சதை தானாக விலக வேண்டும். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றி ஒரு கொதி. சுடுசோறு போதும்.

இந்தச் சமையலுக்கு உலகம் முழுக்க உறவு இருக்கிறது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் குழி வெட்டி, விடிய விடிய நின்று பன்றி வாட்டியவர்களில் பெரும்பாலோர் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். பின்னாளில் அது தொலைக்காட்சியும் போட்டிப் பரிசுமாக வளர்ந்தபோது அவர்கள் பெயர் எப்படி விடுபட்டது என்பதை ஏட்ரியன் மில்லர் 2021-இல் ஒரு நூலாகவே எழுதினார். மராத்வாடா தலித் சமையலை ஷாகு பட்டோளே மராத்தியில் 2015-இல் பதிவு செய்தார். 2024-இல் அது ஆங்கிலத்துக்கும் போனது. நம் ஆயாக்களின் சட்டியை யார் எழுதுவது? தாளும் பேனாவும் உங்களிடம்தான் இருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள். கறியின் பெயர், வெட்டும் இடத்தின் பெயர், யாரிடம் வாங்கினார்கள், யாருக்கு ஒளித்துச் சாப்பிட்டார்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள்.

ஏப்ரல் 14 அன்று மூன்று சட்டி வைத்தோம். பன்றி விலாக் குழம்பு, கோழிக்குழம்பு, கத்தரிக்காய் முருங்கைக்காய் சாம்பார். மூன்றும் ஒரே வரிசையில், ஒரே பந்தியில். காலையில் கறி போட்ட அண்ணனையும் அவர் குடும்பத்தையும் கூப்பிட்டிருந்தோம். முதலில் சட்டி கழுவும் பக்கமாகப் போய் நின்றார். பந்தியில் உட்காரவைக்க மூன்று முறை கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. "அவனும் நாமும் ஒண்ணா" என்று கேட்ட பெரியவர் எதிர்ப் பந்தியில் இருந்தார். எதுவும் பேசவில்லை. எழுந்தும் போகவில்லை. அதை ஒரு தொடக்கம் என்று எடுத்துக்கொள்கிறோம், வெற்றி என்று அல்ல.

ஊரிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். இரண்டு பேர் மோர் மட்டும் குடித்தார்கள். இரண்டு பேர் சாப்பிட்டார்கள், அதில் ஒருவர் பன்றிக் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். ஆயாவின் கணக்கில் பாதி சரி, பாதி தப்பு. சொன்னோம். "அந்த ரெண்டு பேரு நாளைக்கு அவங்க வீட்டுத் திண்ணையில நம்மளக் குந்த வெக்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

அந்தத் திண்ணை வரை வேலை இருக்கிறது தோழர்களே.

ஜெய்பீம்.